ராணிக்குப் பதில் வந்த குதிரை

இப்போது பிள்ளைகள் சதுரங்கத்தைக் கைபேசியில் ஆடுகிறார்கள். ஒரு காயைத் தப்பாக நகர்த்தினால் உடனே சிவப்பாக ஒரு குறி வந்து தப்பு என்று காட்டிவிடுகிறது. நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் ஏது? அறுபதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறோம். நாம் செய்ததில் எது தப்பு, எது சரி என்று இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரிய வருகிறது. அதிலும் மற்றவர்களைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருந்த தப்புகள் இருக்கின்றனவே, அவைதான் ரொம்ப நாள் கழித்து வந்து கழுத்தைப் பிடிக்கின்றன. எனக்குப் போன வாரம் அப்படி ஒன்று வந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் எட்டாம் வகுப்பு முடிந்த அந்தக் கோடை விடுமுறையிலிருந்து தொடங்க வேண்டும்.

திண்டுக்கல்லில் பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வாசகசாலை இருந்தது. ஒரு பக்கம் சைக்கிள் கடை, இன்னொரு பக்கம் புகையிலைக் கிட்டங்கி. மூடை இறக்குகிற நாளில் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் வரிசையாகத் தும்முவார்கள். நான் அங்கே முதலில் போனது சிறுவர் பத்திரிகை படிக்கத்தான். ஆனால் ஜன்னலோரம் இரண்டு மேசையில் சதுரங்கம் நடந்துகொண்டே இருக்கும். பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் ஜோடி கிடைக்காமல் தவித்த தையல்காரர், "ஏய் பாப்பா, காய் நகட்டத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். அன்றைக்குத் தோற்றேன். இருபது நாள் கழித்து அவரைத் தோற்கடித்தேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். கோபத்தில்தான். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவரே காய்களை அடுக்கிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

அந்தக் காய்கள் இன்னும் கண்ணுக்குள் இருக்கின்றன. மரக் காய்கள், அரக்கு உதிர்ந்து போனவை. வெள்ளை ராணி எப்போதோ தொலைந்து போயிருந்தது. அதற்குப் பதிலாக யாரோ ஒரு பித்தளைக் குமிழைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், பெரிய பூட்டு எதிலிருந்தோ கழன்றது. கையில் எடுத்தால் சில்லென்று இருக்கும். கனமாகவும் இருக்கும். வெள்ளைக் காயை எடுப்பதற்கு அங்கே போட்டி நடந்ததே அந்தக் குமிழுக்காகத்தான்.

வாசகசாலைக்கு என்று ஒரு சட்டம் இருந்தது. சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவிக்கொள்ளலாம். சிப்பாய் எதிராளியின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தால், அது எந்தக் காய் நிற்கும் கட்டமோ அந்தக் காயாக மாறும். யானைக் கட்டத்தில் போய் நின்றால் யானை. குதிரைக் கட்டம் என்றால் குதிரை. ராணி வேண்டுமென்றால் ராணிக் கட்டத்துக்கே போய்ச் சேர வேண்டும். யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. அப்படித்தான் ஆட வேண்டும் என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

இதற்கிடையில் என் அப்பா. அவர் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் ஏலம் கூறுகிறவர். நாங்கள் கண் விழிக்கும் முன்பே போய்விடுவார். பதினோரு மணிக்குத் திரும்பி வரும்போது சட்டை முழுக்க மல்லிகை வாசம் அடிக்கும். அந்த வாசம் என் புத்தகப் பை வரைக்கும் ஏறி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என் பையை முகர்ந்து பார்ப்பார்கள். வீட்டில் அவர் பேசுவது ரொம்பக் குறைவு. தொண்டையை எல்லாம் மார்க்கெட்டிலேயே செலவழித்துவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். சாயங்காலம்தான் எழுந்திருப்பார்.

ஒரு தடவை அவரோடு மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறேன். வீட்டில் வாய் திறக்காத மனிதர் அங்கே மேசை மேல் ஏறி நின்று கத்துகிற கத்தலில் எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இரண்டு வியாபாரிகள் ஒரே மூச்சில் ஒரே விலையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வார்கள் என்பதையும் அன்றைக்குப் பார்த்தேன். அப்பா அந்தப் பூ மூடையை ஓரமாக ஒதுக்கி வைக்கச் சொன்னார். மற்றதெல்லாம் முடிந்த பிறகு அதை மறுபடி ஏலம் போட்டார். வியாபாரிகள் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. "ஏலக்காரரு வாயிலருந்து ஒண்ணு வந்துட்டா அம்புட்டுத்தான், மாத்த மாட்டாரு" என்று பக்கத்தில் நின்ற அம்மாள் எனக்குச் சொன்னாள்.

அப்பா தூங்குகிற நேரத்தில்தான் நான் வாசகசாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அது எத்தனை நாளைக்கு மறையும்? அந்தக் கோடையில் மாவட்டப் போட்டி ஒன்று வந்தது. தையல்காரர் தன் பெயரோடு என் பெயரையும் கொடுத்துவிட்டு, அதைச் சொல்ல வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா அவருக்கு மோர் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆம்பளைக கூட்டத்துல ஒத்தப் பொம்பளப் பிள்ளை. அடுத்தாப்புல ஒம்பதாவது, பத்தாவது. இது எதுக்கு ஆத்தா நமக்கு?"

நான் அழவில்லை. அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். "நல்லா ஆடுறேன்னு எல்லாரும் சொல்றாகப்பா" என்றேன்.

"சொல்றதெல்லாம் வேணாம். கடைசி நாளு நான் வாரேன். என் கண்ணு முன்னால ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டு. ஜெயிச்சா எப்பவும் போ, நான் கேக்க மாட்டேன். தோத்தா அன்னையோட சரி. அந்த வாசகசாலைப் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாது."

அம்மா அடுப்படியிலிருந்து, "பச்சப் பிள்ளைகிட்ட போயி ஏலம் போடுறீகளே" என்றாள். அப்பாவைப் பொறுத்தவரை சொல்லியாகிவிட்டது, அவ்வளவுதான்.

போட்டிச் சட்டங்களைத் தட்டச்சு செய்து ஒரு தாளில் அனுப்பியிருந்தார்கள். தையல்காரர் அதை வாசகசாலையில் எழுந்து நின்று படித்தார். சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் போகலாம் என்று இருந்தது. எல்லாரும் ஒரு மாதம் இரண்டு கட்டம் தள்ளிப் பழகினோம். ராஜாவும் யானையும் இடம் மாறிக்கொள்வதைப் பழகினோம். கடைசியாக, "இறுதி வரிசையை எட்டும் சிப்பாய் உயர்வு பெறும்" என்று ஒரு வரி. தையல்காரர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "இது நமக்குத் தெரிஞ்சதுதானே" என்று தாளை மடித்துவிட்டார். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வராததற்குக் காரணமும் உண்டு. எங்கள் வாசகசாலையில் ஆட்டம் அவ்வளவு தூரம் போவதே அபூர்வம். ஒரு யானை போய்விட்டால் போதும், எங்கள் ஆட்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு எழுந்துவிடுவார்கள்.

போட்டி ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் மூன்று நாள் நடந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ஓட்டுக் கூரை. அம்மா ஒரு தூக்குவாளியில் எலுமிச்சம்பழச் சோறும் ஒரு சிறுமலை வாழைப்பழமும் கொடுத்துவிடுவாள். முதல் இரண்டு நாளில் இரண்டு ஆட்டம் ஜெயித்தேன், இரண்டு தோற்றேன். அந்த ஜெயிப்பால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, அப்பா பார்க்கவில்லையே. எனக்கு வேண்டியது கடைசி ஆட்டம் ஒன்றுதான்.

கடைசி ஆட்டத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள். விரலிடுக்கில் டிக்கெட் கட்டை வைத்து வைத்துக் காய்த்துப்போன கை. காயை நகர்த்திவிட்டு, பழக்க தோஷத்தில், விசில் தேடுகிற மாதிரி சட்டைப்பையைத் தொட்டுக்கொள்வார். உட்காரும்போதே, "அம்மிணி, நல்லா ஆடோணுங். எனக்கும் உன்ற வயசுல ஒரு பொண்ணு இருக்குதுங்" என்றார். இவர் விட்டுக்கொடுத்து ஆடப் போகிறாரோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. முக்கால் மணி நேரத்தில் என் குதிரைகளில் ஒன்றைத் தூக்கிவிட்டார்.

அப்போதுதான் அப்பா வந்தார். வெளி ஜன்னலருகே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மல்லிகை வாசம்தான் முதலில் வந்து சேர்ந்தது. தூங்க வேண்டிய நேரம் அவருக்கு, கண் சிவந்திருந்தது. அவருக்குச் சதுரங்கத்தில் ஒரு காய்கூடத் தெரியாது. பலகையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை, அன்றைக்கு நான் நன்றாகத்தான் ஆடினேன். இரண்டு சிப்பாய்க்குக் குறி வைத்து அவருடைய யானையைச் சிக்கவைத்தேன். ஒவ்வொன்றாக எல்லாம் வெட்டுப்பட்டுப் போயின. கடைசியில் அவரிடம் ராஜா மட்டும். என்னிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். அந்தச் சிப்பாய் கடைசி வரிசைக்குப் போவதை அவரால் தடுக்க முடியாது.

உங்களில் சதுரங்கம் ஆடுகிறவர்கள் இந்த இடத்தில் சிரிக்கலாம். எனக்கோ சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தச் சிப்பாய் நின்றது குதிரைக் கட்டத்து வரிசையில். அங்கே போய்ச் சேர்ந்தால் குதிரைதான் கிடைக்கும். தனிக் குதிரையை வைத்துக்கொண்டு யாராலும் ஜெயிக்க முடியாது, அது எங்கள் வாசகசாலைக்கும் தெரிந்ததுதான். ஒரே ஒரு கட்டம் தள்ளி யானை வரிசையில் நின்றிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். பத்து நகர்வுக்கு முன்னால் அந்தப் பக்கம் வெட்டிப் போக வழி இருந்ததா என்று மனசுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எதிரே கண்டக்டரின் முகம் தொங்கிப் போயிருந்தது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். ஜெயிக்க முடியாமல் போகிறவள் நான், இவர் ஏன் இப்படி வாடுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.

சிப்பாயைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளினேன். பலகைக்குப் பக்கத்தில் என் ராணி கிடந்தது. அதைத் தாண்டிக் கையை நீட்டி, என் செத்துப்போன குதிரையை எடுத்து அங்கே வைத்துக் கையை விட்டேன்.

கண்டக்டர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, ராணி வெக்கலீங்களா?"

"இது குதிரைக் கட்டம்ல" என்றேன்.

அவர் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் ஒரு கணக்கு வாத்தியார். வந்து குனிந்து பார்த்துவிட்டு, "எதுக்கும்மா குதிரைய வச்ச? எந்தக் கட்டத்துக்குப் போனாலும் ராணி கேக்கலாமே" என்றார். எனக்குக் காது அடைத்துவிட்டது.

பின்னாலிருந்து தையல்காரர் பாய்ந்து வந்தார். "அதெப்பிடி சார்? குதிரைக் கட்டத்துக்குப் போனா குதிரைதான் சார்."

"எந்த ஊர்ல?"

"திண்டுக்கல்லுல."

"நானும் திண்டுக்கல்தாங்க" என்றார் நடுவர்.

கண்டக்டர் எழுந்து நின்றுவிட்டார். "சார், கொழந்தைக்குச் சட்டம் தெரியலீங். மாத்தி வெச்சுக்கட்டுமுங். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்." நடுவர் முடியாது என்று தலையசைத்தார். எனக்கு இன்றுவரை அந்த மனிதர் மேல் கோபம் கிடையாது. "வச்சு கையை எடுத்தாச்சு. இனி மாத்த முடியாது" என்று சொல்லி, இரண்டு பேர் தாளிலும் டிரா என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

வெளியே வேப்ப மரத்தடியில் அப்பா நின்றிருந்தார். கூடத்துக்குள் எழுந்த சத்தத்தைக் கேட்டு நான் ஏதோ திருட்டாட்டம் ஆடிவிட்டேன் என்று பயந்துபோயிருந்தார்.

"ஜெயிச்சியா?"

"இல்லப்பா."

"தோத்துட்டியா?"

"இல்லப்பா."

"அப்ப என்னதான் ஆத்தா ஆச்சு?"

அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் கொட்டியது. பின்னாலேயே வந்த கண்டக்டர்தான் எல்லாவற்றையும் சொன்னார். ராணி, குதிரை, கட்டம் எதுவும் அப்பாவுக்குப் புரிந்திருக்காது. "நாந் தோத்துட்டனுங். உங்க பொண்ணு ஜெயிச்சதுதானுங். சட்டம் குறுக்க வந்து ரெண்டு பேரையும் சமமாக்கிப்போட்டுது" என்று அவர் முடித்தபோது, அந்தக் கடைசிச் சொல் மட்டும் அப்பாவுக்குப் பிடிபட்டது.

"ரெண்டு பேரும் சமமா?"

"ஆமாங்."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க மார்க்கெட்டுல ரெண்டு பேரு ஒரே வெலை சொன்னா ஒதுக்கி வச்சுட்டு மறு ஏலம் போடுவோம். அதுவரைக்கும் சரக்கு யாருக்கும் சொந்தமில்ல." பிறகு என்னைப் பார்த்து, "இதையும் ஒதுக்கி வைப்போம். மறு ஆட்டம் ஆடு. நான் வந்து பாத்தப் பெறகு முடிவு பண்ணுவோம்" என்றார்.

"அதுவரைக்கும் வாசகசாலைக்குப் போகலாமாப்பா?"

"போகாம எப்பிடி மறு ஆட்டம் ஆடுவ?"

கண்டக்டர் சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய பஸ் திண்டுக்கல் நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் நிற்கும். "நானே வந்தர்றனுங்" என்றார். சொன்னபடி வந்தார். முதல் ஞாயிறு ஒரு கூடை கத்திரிக்காயோடு வந்தார். அந்தப் பித்தளைக் குமிழை எடுத்து ஏற இறங்கப் பார்த்து, "இந்த ராணிக்குச் சாவி எங்கீங்?" என்று கேட்டுத் தையல்காரரையே சிரிக்கவைத்தார்.

அந்த ஞாயிறு நான் ஜெயித்தேன். ஓட்டமாக வீட்டுக்கு வந்தால் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொன்னேன். "நான் பாக்கலையே ஆத்தா. அடுத்த வாரம் வாரேன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த வாரம் தோற்றேன். பயந்துகொண்டே சொன்னேன். "நான் பாக்கலையே" என்றார். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. முகூர்த்த நாள், மார்க்கெட்டில் கூட்டம், காய்ச்சல், கால்வலி என்று ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு காரணம் இருந்தது.

பத்தாவது முடித்தேன். டெலிபோன் ஆபீசில் வேலை கிடைத்தது. அலுவலகப் போட்டிகளில் ஆடினேன். கோப்பைகள் வந்தன, அதைவிட அதிகமாகத் தோல்விகளும் வந்தன. ஒரு தடவை வத்தலக்குண்டில் போட்டி. அன்றைக்கு அப்பாவும் பூ அனுப்புகிற வேலையாக அதே வத்தலக்குண்டுக்கு வந்திருந்தார். நான் ஆடிய மண்டபத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவில் ஒரு தெருதான். நிலையத்து டீக்கடையில் டீ குடித்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் போனார் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அன்றைக்கு என் மனசு விட்டுப்போயிற்று. பெண் பிள்ளை ஆடுகிறதைப் பார்க்க ஒரு தெரு தாண்டி வர மனமில்லாத மனிதர் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த ஆத்திரத்தை ரொம்ப வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். அவருக்குச் சோறு போடும்போதும், மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும் அது உள்ளே ஒரு ஓரத்தில் இருந்துகொண்டுதான் இருந்தது.

அப்பாவுக்கு இப்போது எண்பத்துநான்கு. என்னோடுதான் இருக்கிறார். அம்மா இல்லை. காது கொஞ்சம் மந்தம், நினைவு தெளிவு. போன வாரம் எங்கள் ஊரிலேயே ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள், மூத்தவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் அவருக்குக் காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டே, கொஞ்சம் குத்தலாகத்தான், "இந்தத் தடவையாச்சும் வந்து பாக்குறீகளாப்பா? ஆட்டோ வச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்று கேட்டேன்.

"வேணாம் ஆத்தா."

"எதுக்குப்பா? ஒரு நாளாச்சும் வந்திருக்கீகளா? வத்தலக்குண்டு வரைக்கும் வந்தும் எட்டிப் பாக்காமப் போனவருதானே நீங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்த அதே பார்வை.

"வந்திருந்தா? நான் பாக்கையில நீ தோத்துட்டா? அன்னையோட சரின்னு சொல்லிப்புட்டேனே. ஏலக்காரன் வாயிலருந்து வந்தத மாத்தக் கூடாதுல்ல. அன்னிக்கு அந்த மரத்தடியில நீ அழுத அழுகையப் பாத்தப் பெறகு, உன்னய நிப்பாட்ட எனக்கு மனசு வரல. சொன்னதையும் மாத்த முடியல. நான் வராம இருந்தா முடிவே ஆகாதுல்ல? அதான் வரல."

நாற்பத்தைந்து வருஷம். முகூர்த்த நாள், காய்ச்சல், கால்வலி. ஒரு தெருவுக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டு, அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்திருப்பார்? எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சுருங்கிப்போன அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையில் எப்போதோ போய்விட்ட மல்லிகை வாசத்தை வெட்கமில்லாமல் தேடினேன்.

"இப்ப எனக்கு அம்பத்தெட்டு வயசாச்சுப்பா. இனிமேயா நிப்பாட்டப் போறீக?"

"சொன்னது சொன்னதுதான்" என்றார். டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டு, "யாரு கூட ஆட்டம்?" என்று கேட்டார்.

"அங்க போனாத்தான் தெரியும்."

"நல்லா ஆடு. ராணி கேட்டு வாங்கிக்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு காயின் பெயர்கூடத் தெரியாத மனிதர் இதை மட்டும் இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருக்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரைக்கு எனக்கு முதல் ஆட்டம். எலுமிச்சம்பழச் சோறு கட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். அப்பா வரமாட்டார்.